மால்ட்டா சுண்ணாம்புக்கல் ஸ்லைடு பெட்டி: வகுப்பில் வைத்துப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

எம்.எஸ்சி. ஜியாலஜி மாணவர்களுக்கு நான் நுண்புதைபடிவம் நடத்துகிறேன். சுண்ணாம்புக்கல்லின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பாடம் வரும்போதெல்லாம் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். தின் செக்‌ஷன் (மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காகக் கண்ணாடியில் ஒட்டி மெலிதாக அரைத்த கல் துண்டு) ஒரு ஊர்க் கல்லிலிருந்து வந்திருக்கும், ஃபொராமினிஃபெரா (ஓடுள்ள ஒற்றைச் செல் கடலுயிரி, சுருக்கமாக ஃபொராம்) வேறொரு கண்டத்திலிருந்து வந்திருக்கும், சுவரில் மாட்டியிருக்கும் கால அட்டவணை மூன்றாவது இடத்தைப் பற்றியதாக இருக்கும். மாணவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். ஒரு தீவின் பாறை வரிசையை அடியிலிருந்து உச்சி வரை தாங்களே படித்து, "இந்த அடுக்கு இந்தக் காலத்தது, காரணம் இது" என்று சொல்லும் அனுபவம் அவர்களுக்குக் கிடைக்காது.

துறைக்கு வாங்கிய இந்தப் பெட்டி அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டது. மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டா தீவுக்கூட்டத்தின் பாறை வரிசை முழுவதும் இதில் இருக்கிறது: 24 தின் செக்‌ஷன்கள், கழுவிச் சலித்த நுண்புதைபடிவம் 8 குப்பிகளில், ஒரு பாறை வரிசைப் படம், ஒரு கையேடு. சில இடங்களில் எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனாலும் நுண்புதைபடிவம் நடத்தும் எந்தத் துறையும் தயங்காமல் வாங்கலாம்.

முதலில், ஏன் மால்ட்டா என்ற கேள்வி. மால்ட்டா, கோசோ, கோமினோ ஆகிய மூன்று தீவுகளிலும் வெளியே தெரிவது ஏறக்குறைய முழுக்கக் கடலில் படிந்த பாறைதான். ஐந்தே அமைப்புகள், அதாவது தனிப் பெயர் பெற்ற பாறைத் தொகுதிகள். அடியில் கீழ்க் கோரலைன் சுண்ணாம்புக்கல், அதன்மேல் குளோபிஜெரினா சுண்ணாம்புக்கல், பிறகு நீலக் களிமண், மெல்லிய பச்சை மணல், உச்சியில் மேல் கோரலைன் சுண்ணாம்புக்கல். 'சேலஞ்சர்' கப்பல் பயணத்தில் கடலடிப் படிவுகளை ஆராய்ந்த ஜான் மரே 1890ல் இந்த வரிசையை விவரித்து எழுதினார். அந்த ஐந்து பிரிவுகள்தான் இன்றைக்கும் அடிப்படை. ஒலிகோசீன் காலத்தின் பிற்பகுதியில் தொடங்கி மயோசீன் கடைசி வரை, ஆழமற்ற கடல், பிறகு ஆழம், மறுபடியும் ஆழமற்ற கடல் என்று ஒரு முழுச் சுற்று இந்தச் சின்னத் தீவுகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பாறைகள் அதிகம் மடியவில்லை. பிளவுகள் உண்டு, ஆனால் கடலோரச் செங்குத்துப் பாறைகளில் எது மேலே எது கீழே என்பதில் குழப்பம் கிடையாது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல தீவு அமைவது அரிது.

ஸ்லைடுகளின் தரத்துக்கு வருவோம். சுண்ணாம்புக்கல் தின் செக்‌ஷன் செய்கிறவர்களில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கிரானைட் போன்ற கல்லில் குவார்ட்ஸின் நிறத்தைப் பார்த்து 30 மைக்ரான் வந்துவிட்டதா என்று சரிபார்க்கலாம். சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் குவார்ட்ஸ் இருக்காது. சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டோ கொஞ்சம் கனமாக இருந்தாலும் மெலிதாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே வெளிறிய நிறத்தைத்தான் காட்டும். அதனால் கனமாகவே விட்டுவிடுவார்கள். விளைவு என்னவென்றால், மைக்ரைட் என்கிற மிக நுண்ணிய சுண்ணச் சேறு கறுப்புத் திரையாகத் தெரியும், அதற்குள் கிடக்கும் சின்ன ஃபொராம்கள் மறைந்துபோகும். இந்தப் பெட்டியில் 24ல் 21 ஸ்லைடுகள் சீரான மெலிவோடு இருக்கின்றன. குளோபிஜெரினா கல்லின் ஸ்லைடுகளில் மைக்ரைட்டுக்கு நடுவே அறைச் சுவர்கள் தெளிவாகத் தெரிகின்றன. மீதி மூன்றில் ஒன்று ஒரு ஓரத்தில் கனம் கூடுதல், இரண்டில் பசைக்குள் காற்றுக் குமிழி. குமிழி ஸ்லைடுகளை மாற்றித் தரச் சொல்லி எழுதினேன். மாற்றித் தந்தார்கள், ஆனால் மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

சாயம் ஏற்றிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு ஸ்லைடிலும் பாதிக்கு மட்டும் அலிசரின் ரெட் எஸ்ஸும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்த கரைசலைப் பூசிவிட்டு, அதன் பிறகே கவர் கண்ணாடி ஒட்டியிருக்கிறார்கள். கால்சைட் சிவப்பாகும், மக்னீசியம் கலந்த டோலமைட் நிறம் ஏறாமல் அப்படியே நிற்கும், இரும்பு கலந்த கால்சைட் ஊதா நீலமாகும். ஒரே கல்லைச் சாயத்தோடும் சாயமில்லாமலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. கவர் கண்ணாடி ஒட்டிவிட்டால் பிறகு நாம் சாயம் ஏற்ற முடியாது என்பதால் இந்த ஏற்பாடு அவசியம்தான்.

சரி, இந்தப் பெட்டியின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஸ்லைடு 3ம் ஸ்லைடு 21ம்.

மூன்றாவது ஸ்லைடு கோசோவின் ஷ்லெண்டி பக்கத்துக் கீழ்க் கோரலைன் கல். இருபத்தொன்றாவது மேல் கோரலைன். மாணவர்களிடம் பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டு இரண்டையும் கொடுத்தேன். குறைந்த உருப்பெருக்கத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். கோரலைன் பாசி என்கிற சுண்ணாம்பு உடல் கொண்ட பாசியின் துண்டுகள், அவற்றின் நுண்ணிய கண்ணறை வலை, பிரயோசோவா என்கிற கூட்டமாக வாழும் சிறு உயிரிகள், முள்தோலிச் சில்லுகள். அந்தச் சில்லு ஒவ்வொன்றும் ஒரே படிகமாக இருப்பதால் மேடையைச் சுழற்றும்போது சட்டென்று முழுதாக இருண்டுபோகும். டன்ஹாம் 1962ல் கொடுத்த வகைப்பாட்டின்படி இரண்டையும் பேக்ஸ்டோன் என்று எழுதலாம், துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, இடையில் கொஞ்சம் சேறு. இரண்டுமே வெளிச்சம் எட்டும் ஆழத்தில், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் படிந்தவை. "மேடம், ரெண்டும் ஒரே கல்தானே?" என்று ஒரு மாணவி கேட்டார்.

பாறை வகையை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. கீழ்க் கோரலைன் சாட்டியன் (ஒலிகோசீனின் கடைசிப் பிரிவு) காலத்தது, அந்தக் காலம் சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிட்டது. மேல் கோரலைன் மயோசீனின் கடைசி இரண்டு பிரிவுகளான டார்ட்டோனியனிலும் மெசினியன் தொடக்கத்திலும் படிந்தது. டார்ட்டோனியன் தொடங்கியதே சுமார் 1.16 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கடல் மறுபடி ஆழம் குறைந்தபோது அதே மாதிரிச் சூழல் திரும்பி வந்தது, அதே மாதிரிக் கல் மறுபடி உண்டானது, அவ்வளவுதான். கல் எந்த மாதிரிக் கடலில் படிந்தது என்பதைப் பாறை வகை சொல்லும். எப்போது படிந்தது என்பதை அது தனியாகச் சொல்லாது. இதை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இந்த இரண்டு ஸ்லைடுகளைப் பார்த்த அன்றுதான் வகுப்பு முழுவதும் அதைப் புரிந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

உருப்பெருக்கத்தைக் கூட்டினால் வித்தியாசம் வெளிப்படும். ஸ்லைடு 3ல் தட்டைத் தட்டையாகக் குவிந்து கிடப்பவை லெபிடோசைக்லினா என்ற பெரிய ஃபொராம். குறுக்கே வெட்டுப்பட்டதைப் பாருங்கள்: நடுவில் ஒரே ஒரு வரிசை அறைகள், அதன் மேலும் கீழும் அடுக்கடுக்காகச் சின்னச் சின்னப் பக்க அறைகள், இடையிடையே தூண்கள். ஸ்லைடு 21ல் அந்தப் பக்க அறைகள் எதிலும் இல்லை. அங்கே இருப்பது ஹெட்டரோஸ்டெஜினா. ஒரே தளத்தில் சுருண்டு வளரும் ஓடு, ஒவ்வொரு அறைக்குள்ளும் குறுக்குத் தடுப்புகள், அதனால் ஒவ்வொரு அறையும் பல குட்டி அறைகளாகப் பிரிந்திருக்கும். இரண்டும் கையில் எடுத்தால் வட்டத் தட்டுகள். உள்ளே அமைப்பு முற்றிலும் வேறு. லெபிடோசைக்லினா குடும்பம் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து மேல் கோரலைன் படியத் தொடங்குவதற்கு வெகு முன்பே மறைந்துவிட்டது.

இங்கே பெட்டி செய்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஸ்லைடு 4ம் 5ம் தனித்தனி லெபிடோசைக்லினாவைச் சரியாக நடுத்தளத்தில் அரைத்து எடுத்தவை. இது லேசான வேலை இல்லை. ஓட்டைப் பிசினில் பதித்து, ஒரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மையத்திலிருக்கும் கரு அறைகள் தெரிகிற கணத்தில் நிறுத்த வேண்டும். ஒரு பத்து மைக்ரான் கூடுதலாகத் தேய்த்தால் கரு போய்விடும். வகையைத் தீர்மானிப்பதோ அந்தக் கருதான். முதல் அறை சின்னது, இரண்டாவது அதைத் தழுவிக்கொண்டு வளரும். தழுவல் பாதியளவாக, சிறுநீரக வடிவில் நின்றால் நெஃப்ரோலெபிடினா. முதல் அறையை ஏறக்குறைய முழுவதும் சுற்றி வளைத்துவிட்டால் யூலெபிடினா. எவ்வளவு தழுவியிருக்கிறது என்பதை அளந்து எண்ணாகவே சொல்லும் முறை உண்டு. நெஃப்ரோலெபிடினா வம்சத்தில் காலம் செல்லச் செல்ல அந்தத் தழுவல் கூடிக்கொண்டு போனது. மாணவர்களை மைக்ரோமீட்டர் கண்வில்லையோடு உட்கார வைத்து அளக்கச் சொன்னேன். புதைபடிவத்தை வைத்து அளவெடுத்துக் காலம் சொல்வது எப்படி என்பதை இந்த இரண்டு ஸ்லைடுகளிலேயே கற்றுக்கொடுக்க முடிந்தது. தழுவலின் சராசரியை எடுக்க ஒரு ஓடு போதாது, பல ஓடுகள் வேண்டும். குறைந்தபட்சம் பத்து ஓடுகளாவது ஒரே ஸ்லைடில் பதித்துக் கொடுத்திருந்தால் இதைவிட நல்ல ஒரு பாடம் இருந்திருக்க முடியாது. அடுத்த பதிப்பில் செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கையேட்டில் இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம். "மேல் கோரலைனில் லெபிடோசைக்லினா இல்லை, ஆகவே இளையது" என்ற தொனியில் எழுதியிருக்கிறார்கள். ஒரு உயிரி இல்லாததை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது. சூழல் பிடிக்காமலும் இல்லாமல் போகலாம், வெட்டு விழுந்த இடத்தில் அகப்படாமலும் போகலாம். போதாததற்கு ஹெட்டரோஸ்டெஜினா ஒலிகோசீனிலும் உண்டு. மேல் கோரலைனின் வயதுக்கு உண்மையான பிடிமானம் அதற்கு அடியில் இருக்கும் நீலக் களிமண்ணின் மிதவை ஃபொராம்களிலிருந்து (கடல்நீரில் மிதந்து வாழ்ந்தவை) வருகிறது. அடியில் இருப்பது செரவல்லியனை (டார்ட்டோனியனுக்கு முந்தைய பிரிவு) தாண்டிப் போகிறது என்றால் மேலே இருப்பது அதைவிட இளையதாகத்தான் இருக்க வேண்டும். இந்த வாதத்தைக் கையேடு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. நான் அதற்கு ஒரு முழு வகுப்பு எடுத்தேன்.

குளோபிஜெரினா கல்லுக்கு 7 ஸ்லைடுகளும் 5 குப்பிகளும். தீவுக்காரர்கள் வீடு கட்டுவதும், வாலெட்டா நகரத்தின் கோட்டை மதில்களில் பெரும்பகுதி எழும்பியதும் இந்தத் தேன்நிறக் கல்லில்தான். ஆழமான, அமைதியான தண்ணீரில் மிதவை ஃபொராம்களின் ஓடுகள் விழுந்து விழுந்து சேர்ந்த கல். ஆழமற்ற கடலின் பெரிய ஃபொராம்கள் அந்தந்தப் பகுதியோடு நின்றுவிடும், ஆனால் மிதவை ஃபொராம்கள் கடல் முழுவதும் பரவும். அதனால் ஒரு தீவின் அடுக்கை உலகக் கால அட்டவணையோடு இணைப்பதற்கு அவை பெரிய உதவி.

இங்கே தின் செக்‌ஷனைவிடக் குப்பிகள்தான் பேசுகின்றன. தின் செக்‌ஷனில் குளோபிஜெரினா என்ற மிதவை ஃபொராம் எந்தக் கோணத்தில் வெட்டுப்பட்டது என்பதைப் பொறுத்து வடிவம் மாறிப்போகும். மூன்று வட்டம், நான்கு வட்டம் என்றுதான் தெரியும், இனம் சொல்வது கடினம். குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கறுப்புத் தட்டில் தூவி, ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் ஈரத்தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும்போதுதான் வாய்த்துளை எங்கே, கூடுதல் துளைகள் எங்கே என்று தெரியும்.

ஐந்து குப்பிகளில் மூன்று எனக்குப் பொக்கிஷம். முதலாவதில் டிரைலோபாட்டஸ்: சுருள் பக்கத்தில் கூடுதல் துளைகள் திறந்த சாளரங்களாகத் தெரிகின்றன. இரண்டாவது, மேல் குளோபிஜெரினாவின் அடிப்பகுதியிலிருந்து எடுத்தது, அதில் பிரியோர்புலினா. கடைசி அறை மற்ற அறைகளையெல்லாம் விழுங்கத் தொடங்கியிருக்கிறது, விளிம்பில் கீறல் கீறலாகத் துளைகள். மூன்றாவதில் ஆர்புலினா. கடைசி அறை முழு உருண்டை, மேற்பரப்பு முழுவதும் பெரிதும் சிறிதுமாக இரண்டு அளவில் துவாரங்கள். ஒரு வம்சம் படிப்படியாக உருண்டையாக மாறியதை மூன்று குப்பிகளில் வரிசையாகப் பார்க்கிறோம். ஆர்புலினா உலகக் கடல்களில் தோன்றியது சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன். ஒரு அடுக்கில் அந்த உருண்டை கிடைத்துவிட்டால், அந்த அடுக்கு அதற்கு முன் படிந்திருக்க முடியாது. ஒரு உயிரி முதன்முதலில் தோன்றியதை வைத்துக் காலம் சொல்வது, கடைசியாக மறைந்ததை வைத்துச் சொல்வதைவிட ஏன் நம்பகமானது என்று மாணவர்களிடம் கேட்டேன். பழைய ஓடு அரிக்கப்பட்டு இளைய அடுக்குக்குள் வந்து சேரலாம். இன்னும் தோன்றாத உயிரி பழைய அடுக்குக்குள் போக முடியாது. துளையிட்டு எடுத்த கல் மாதிரியில் மட்டும் மேலிருந்து உதிர்ந்து விழும் துகள் இந்தக் கணக்கைக் கெடுக்கும். மால்ட்டாவின் கடலோரப் பாறைமுகத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

ஆனால் இங்கேதான் என் பெரிய புகார். ஸ்லைடுகளின் பெயர்ச்சீட்டில் இடம், அமைப்பு, உறுப்பு (அமைப்பின் உட்பிரிவு) எல்லாம் எழுதியிருக்கிறார்கள். குப்பிகளில் அமைப்பின் பெயர் மட்டும். அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் எடுத்த மாதிரி என்ற தகவல் இல்லை. குளோபிஜெரினா கல் சில இடங்களில் இருபது மீட்டர்தான், சில இடங்களில் 200 மீட்டரைத் தாண்டும். 'மேல் குளோபிஜெரினா' என்று மட்டும் எழுதினால் காலக்கணிப்புக்கு அது எவ்வளவு போதும்? மாதிரி எடுத்தவருக்கு உயரம் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். குப்பியின் மேல் ஒரு எண் எழுத ஒரு நிமிடம் கூட ஆகாது. கேட்டு எழுதினேன், ஐந்தில் மூன்றுக்கு மட்டும் உயரத்தைத் தேடிக் கொடுத்தார்கள். வாங்குகிறவர்கள் பெட்டி கையில் வாங்கும் முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கழுவிய தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலக் களிமண் தண்ணீரிலேயே கரையும், அதனால் அதன் மூன்று குப்பிகளிலும் ஓடுகள் பளிச்சென்று சுத்தமாக இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லில் ஓடும் சுண்ணாம்பு, ஒட்டிக்கொண்டிருப்பதும் சுண்ணாம்பு, பிரித்தெடுப்பது பெரிய பாடு. கீழ்க் குளோபிஜெரினா குப்பியில் பாதி ஓடுகளில் சுண்ணத் துணுக்குகள் ஒட்டி வாய்த்துளையை அடைத்திருக்கின்றன. அசிட்டிக் அமிலம் போன்ற மென்மையான முறையில் இன்னும் பொறுமையாகச் செய்திருக்கலாம். மாணவர்கள் அந்தக் குப்பியில் அதிக நேரம் செலவழித்தும் இனம் சொல்ல முடியாமல் திரும்பினார்கள்.

நீலக் களிமண்ணுக்கும் குளோபிஜெரினா கல்லுக்கும் நடுவே உள்ள எல்லையிலிருந்து ஒரு ஸ்லைடும் ஒரு சிறிய குப்பியும் தந்திருப்பதற்காகவே இவர்களைப் பாராட்டலாம். மால்ட்டாவின் மேற்குக் கரையில் ஃபோம் இர்-ரீஹ் விரிகுடாவில் ராஸ் இல்-பெல்லெக்ரின் என்ற இடம். 2007ல் செரவல்லியன் காலத்தின் தொடக்கத்துக்கு உலக அளவிலான எல்லைக்குறியாக அந்தப் பாறைமுகத்தை ஏற்றுக்கொண்டார்கள். வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் முடிந்து நீலச்சாம்பல் களிமண் தொடங்கும் கோடுதான் அந்த எல்லை. வயது 1 கோடியே 38.2 லட்சம் ஆண்டு. அண்டார்டிகாவில் பனி வளர்ந்து உலகம் குளிர்ந்த ஒரு கட்டத்தோடு அது ஒத்துப்போகிறது. ஃபொராம் ஓடுகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பில் அந்தக் குளிர்ச்சி பதிந்திருக்கிறது. எந்த நாட்டு அடுக்கையும் செரவல்லியன் என்று சொல்ல வேண்டுமானால் கடைசியில் இந்தக் கோட்டோடுதான் ஒப்பிட வேண்டும். அதன் இரண்டு பக்கமும் உள்ள கல்லை என் மாணவர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அப்புறம் ஒரு விஷயம்: இந்த இடத்தில் மட்டும் பாறை மாறுவதும் காலம் மாறுவதும் ஒன்றாக அமைந்திருக்கிறது. மற்ற இடங்களில் பாறை மாறும் கோடு காலத்துக்குக் குறுக்காக ஓடுவது சாதாரணம். கையேடு இந்த எச்சரிக்கையைத் தெளிவாகக் கொடுத்திருக்கிறது, நன்றி.

அடுத்தது ஸ்லைடு 11. நான் மிகவும் நேசிக்கும் ஸ்லைடு இது. குளோபிஜெரினா கல்லின் உள்ளே பாஸ்பேட் கூழாங்கற்கள் நிறைந்த அடுக்குகள் உண்டு. கீழ், நடு, மேல் என்று கல்லைப் பிரிப்பதே அந்த அடுக்குகளை வைத்துத்தான். கடலடியில் படிவு ஏறக்குறைய நின்றுபோய், நீரோட்டம் அரித்து, பாஸ்பேட் ஏறி, தரை இறுகிப்போன காலங்களின் அடையாளம். இந்த அடுக்குகளில் சுறாப் பற்கள் ஏராளம். அவை கல்லாகிப்போன பாம்பு நாக்குகள் என்று மக்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அவை உண்மையான சுறாவின் பற்களே என்று 1670ல் அகோஸ்தீனோ சில்லா என்ற ஓவியர் வரைந்து காட்டினார்.

ஸ்லைடில் பழுப்புநிறக் கூழாங்கல் ஒன்று பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. குறுக்குப் போலரைசர் போட்டால் பாஸ்பேட் இருண்டுவிடும், சுற்றியுள்ள கால்சைட் மின்னும். இப்போது ஃபொராம்களின் உள்ளே பாருங்கள். கூழாங்கல்லுக்குள் உள்ளவற்றின் அறைகளைப் பழுப்புப் பாஸ்பேட் நிரப்பியிருக்கிறது. வெளியே உள்ளவற்றின் அறைகளை வெளிறிய சுண்ணச் சேறு நிரப்பியிருக்கிறது. கொஞ்சம் தேடினால், வெளியே சேற்றுக்குள் தனியாகக் கிடக்கும் இரண்டு ஓடுகளில் மட்டும் பழுப்பு நிரப்பல் தெரியும். அவை கூழாங்கல்லிலிருந்து உதிர்ந்து வந்தவை, தங்களைச் சுற்றியுள்ள சேற்றைவிட மூத்தவை. கல்லை அப்படியே உடைத்துக் கழுவிக் குப்பியில் போட்டிருந்தால் மூத்ததும் இளையதும் கலந்து, யாரும் பிரித்தறிய முடியாத ஒரு பட்டியலாகியிருக்கும். தின் செக்‌ஷன் இருப்பதால்தான் யார் எப்போது வந்தவர் என்று தெரிகிறது. பாறையையும் புதைபடிவத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வகுப்பில் காட்டியதில்லை.

பச்சை மணலுக்கு ஒரே ஸ்லைடு, போதும். கிளாக்கோனைட் என்ற கடலடிக் கனிமத்தின் பச்சை உருண்டைகள், சில ஆக்சிஜன் ஏறிப் பழுப்பாகிவிட்டவை, நடுவே ஹெட்டரோஸ்டெஜினா. இந்த அமைப்பு பல இடங்களில் மெலிந்துவிடும். கோசோவில் 11 மீட்டர் வரை தடிமன் உண்டு.

கையேட்டைப் பற்றி முழுவதும் சொல்லவில்லை. அச்சும் படங்களும் அருமை. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு பக்கம், குறிப்பிட்ட துகளுக்கு அம்புக்குறி, அளவுகோல். ஆனால் பின்னிணைப்பில் உள்ள கால அட்டவணை பழையது. கீழ்க் குளோபிஜெரினா முழுவதையும் அக்விடேனியன் (மயோசீனின் முதல் பிரிவு) என்று ஒரே கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். அடிப்பகுதி சாட்டியனுக்குள் வரும் என்று பின்னர் வந்த நுண்புதைபடிவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பைப் பற்றி இரண்டு வாக்கியம் மட்டுமே. கடல்நீரின் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப் விகிதம் ஒலிகோசீனிலிருந்து மயோசீன் நடுப்பகுதி வரை வேகமாக ஏறிக்கொண்டே போனது, அதனால் அந்த இடைவெளியில் ஓட்டிலிருந்து அளந்த விகிதத்தை வைத்து நல்ல துல்லியத்தோடு வயது சொல்ல முடியும். மால்ட்டாவின் கீழ்ப்பாதி முழுவதும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. பெரிய ஃபொராம் மண்டலங்களுக்கும் மிதவை மண்டலங்களுக்கும் இடையே சந்தேகம் வரும்போது பஞ்சாயத்து பண்ணுவது இந்த அளவுதான். அதற்கு நான்கு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

விலை ஒரு துறையின் ஆய்வக நிதிக்கு ஏற்றது, தனி மாணவர் வாங்குவது கடினம். சேர்ந்து பயன்படுத்த ஒரு போலரைசிங் மைக்ரோஸ்கோப்பும் ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பும் கட்டாயம் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் உள்ள இடத்தில் பெட்டியின் பாதி வீணாகிவிடும். பாறை வகைகளை மட்டும் நடத்துகிறவர்கள் குப்பிகள் இல்லாத பதிப்பைக் கேட்டு வாங்கலாம், அதுவும் தருகிறார்கள். காலக்கணிப்பு நடத்துகிறவர்கள் அதை வாங்க வேண்டாம்.

பயன்படுத்தும்போது ஒரு யோசனை. முதல் வகுப்பிலேயே பாறை வரிசைப் படத்தை வெளியே எடுக்காதீர்கள். ஸ்லைடுகளைக் கலைத்துக் கொடுத்து, மாணவர்களே பாறை வகையை எழுதட்டும், புதைபடிவத்தைக் கண்டுபிடிக்கட்டும், வரிசையை அடுக்கட்டும். அதன் பிறகு படத்தை விரித்து ஒப்பிடச் சொல்லுங்கள். 3ம் 21ம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தாலே யாருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். குப்பிகளைத் திறக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆர்புலினா குப்பியில் நல்ல ஓடுகள் ஐம்பதுக்கு மேல் இல்லை, பறந்துபோனால் தனியாக மறுகுப்பி தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.